தீனியும் கொழுப்பும்

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவதையும் கடலை எண்ணெய் உறையாதிருப்பதையும் காட்டிப் பாடம் நடத்தியவன் நான். பன்றி வளர்ப்போரின் வரவு செலவிலும் அதே வேறுபாடு குறுக்கிடுகிறது.

பன்றி வளர்ப்பில் செலவின் பெரும்பகுதி தீனிக்கே போகிறது. ஆகவே மலிவான தீனியை நாடுவது இயல்பு. ஆனால், மாடு தின்னும் எண்ணெயை அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றிவிடுகின்றன. பன்றிக்கு அவ்வாறு நிகழ்வதில்லை. தின்ற எண்ணெயின் இயல்பே பெரும்பாலும் அதன் கொழுப்பில் படிகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நிலக்கடலை விளைந்த வயல்களில் பன்றிகளைக் கிளறித் தின்ன விட்டனர். தீனிச் செலவு குறைந்தது, பன்றியும் கொழுத்தது. ஆனால் இறைச்சியைக் குளிரவைத்தும் கொழுப்பு இறுகாமல் குழைந்து நின்றது. வாங்குவோர் விலையைக் குறைத்தனர். மிச்சம் பிடித்த காசு சந்தையில் கரைந்தது.

தென்மேற்கு ஸ்பெயினில் ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்னும் ஐபீரியப் பன்றியின் கொழுப்பும் மென்மையானதே. ஆயினும், அங்கே தொடையை உப்பிட்டு ஆண்டுக் கணக்கில் பதப்படுத்துகின்றனர். அம்மென்மையே சுவையாகி, உயர்ந்த விலையைப் பெறுகிறது. 2014-ஆம் ஆண்டின் அரசு விதிப்படி, அக்கொட்டையைத் தின்று கொழுத்த தூய ஐபீரிய இனத்துக்கே கறுப்பு அடையாளம் உரியது.

ஆகவே, தீனியின் விலை பாதிக் கணக்கே. இறைச்சியின் பயன் மறுபாதி. பாதிக் கணக்குக்கு நான் முழு மதிப்பெண் வழங்கியதில்லை, சந்தையும் வழங்குவதில்லை.