'ஆன் தி பஸ்' சரி, 'ஆன் தி கார்' ஏன் தவறு? பயண ஆங்கிலத்தில் தடுமாற வைக்கும் சிறு சொற்கள்

புது டெல்லி: 'லீவிங் டெல்லி' என்றால் டெல்லியை விட்டுப் புறப்படுவதாகப் பொருள். 'லீவிங் ஃபார் டெல்லி' என்றால் டெல்லியை நோக்கிப் புறப்படுவதாகப் பொருள். இரண்டுக்கும் இடையே இருப்பது 'ஃபார்' என்னும் ஒரே ஒரு சிறு சொல். ஆனால், அதனால் பயணத்தின் திசையே தலைகீழாக மாறிவிடுகிறது.

வேலை, கல்வி, மருத்துவம், யாத்திரை எனப் பல காரணங்களுக்காக வெளிமாநிலங்களுக்குச் செல்வோருக்கு, உள்ளூர் மொழி தெரியாத இடங்களில் கைகொடுப்பது பெரும்பாலும் ஆங்கிலமே. ரயில் நிலைய அறிவிப்புகள், மெட்ரோ வழிகாட்டிப் பலகைகள், விமான நிலையத் திரைகள், வாடகைக் கார் செயலிகள் என எங்கும் அதுவே இணைப்பு மொழியாக உள்ளது. பஸ், டிரெயின், டிக்கெட், பிளாட்ஃபார்ம் போன்ற பெயர்ச்சொற்கள் யாருக்கும் புதியவை அல்ல. அவற்றுக்கு முன்னால் வரும் 'இன்', 'ஆன்', 'அட்', 'பை', 'டு', 'ஃபார்' ஆகிய முன்னிடைச் சொற்களில்தான் பலரும் தடுமாறுகின்றனர்.

தடுமாற்றம் ஏன்?

இதற்கான காரணம் தாய்மொழியின் அமைப்பிலேயே உள்ளது. தமிழில் இடத்தையும் திசையையும் காட்டும் உருபுகள் பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டி வருகின்றன. ஆங்கிலத்திலோ அவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் தனிச்சொல்லாக வருகின்றன. அதைவிட முக்கியமானது, தமிழின் ஒரே உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் பல சொற்கள் பிரித்துக்கொள்கின்றன.

'பேருந்தில் இருக்கிறேன்', 'காரில் இருக்கிறேன்', 'பேருந்தில் வந்தேன்', 'நிறுத்தத்தில் நிற்கிறேன்' ஆகிய நான்கிலும் 'இல்' என்ற உருபே வருகிறது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு 'ஆன்', இரண்டாவதற்கு 'இன்', மூன்றாவதற்கு 'பை', நான்காவதற்கு 'அட்' வேண்டும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுபவர் நான்கு இடங்களிலும் 'இன்' என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

இந்தி பேசுவோருக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. 'பஸ் ஸே' என்பது பேருந்து மூலம் வந்ததையும் குறிக்கும். பேருந்திலிருந்து இறங்கியதையும் குறிக்கும்.

எதற்கு 'ஆன்', எதற்கு 'இன்'?

பயண ஆங்கிலத்தில் அதிகம் பிழையாகும் இடம் இதுவே. எளிய வழி ஒன்று உண்டு. ஏறியபின் எழுந்து நின்று நடமாட இடமுள்ள பெரிய வாகனங்களுக்கு 'ஆன்' வரும். பேருந்து, ரயில், மெட்ரோ, விமானம், கப்பல் ஆகியவை இவ்வகையில் அடங்கும். குனிந்து நுழைந்து நேராக இருக்கையில் அமரும் சிறிய வாகனங்களுக்கு 'இன்' வரும். கார், டாக்சி, ஆட்டோ, வேன் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். கால்களை இருபுறமும் போட்டு மேலே அமரும் சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை ஆகியவற்றுக்கு மீண்டும் 'ஆன்' வரும்.

ஏறுவதும் இறங்குவதும் இதே பாகுபாட்டைப் பின்பற்றும். பேருந்து, ரயில் என்றால் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ என்றால் 'கெட் இன்' அல்லது 'கெட் இன்டு', 'கெட் அவுட் ஆவ்'. 'ஐ ஆம் ஆன் தி கார்' என்று சொன்னால், காரின் கூரைமேல் இருப்பதாகவே கேட்பவர் எண்ணுவார். இந்தியாவில் பரவலாக வழங்கும் 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்' என்பது 'இறங்கு' என்ற சொல்லின் நேரடி வடிவம். இங்கு அது புரிந்துகொள்ளப்படும். தேர்வுகளிலும் வெளிநாட்டிலும் 'கெட் ஆஃப் தி பஸ்' என்பதே பொருத்தம்.

அறிவிப்புகளில் இவற்றுக்குப் பதிலாக 'போர்டு', 'அலைட்' என்ற சொற்கள் கேட்கும். முன்னது ஏறுவதையும் பின்னது இறங்குவதையும் குறிக்கும். 'போர்டு' என்ற வினைக்குப் பின் முன்னிடைச் சொல் தேவையில்லை. 'போர்டு தி டிரெயின்' என்றால் போதும்.

'பை வாக்' அல்ல, 'ஆன் ஃபுட்'

எந்த வழியில் பயணம் செய்தோம் என்பதைச் சொல்ல 'பை' உதவும். 'பை பஸ்', 'பை டிரெயின்', 'பை மெட்ரோ', 'பை ஏர்' எனலாம். ஆனால் வாகனத்துக்கு முன் 'தி', 'ஏ', 'மை' போன்ற சொல் வந்துவிட்டால் 'பை' விலகிவிடும். 'பை மை கார்' என்பது தவறு; 'இன் மை கார்' என்பது சரி. 'பை தி செவன் தர்ட்டி பஸ்' என்பதைவிட 'ஆன் தி செவன் தர்ட்டி பஸ்' என்பதே இயல்பு. நடந்து வந்ததைச் சொல்லும்போது 'பை வாக்' என்பது நம் நாட்டில் மிகவும் பரவியுள்ள பிழை. 'ஆன் ஃபுட்' என்பதே சரியான தொடர்.

சேருமிடத்தைச் சொல்லும்போது

'அரைவ்' என்ற வினை நகரத்துக்கு 'இன்' பெறும்; நிலையம், நிறுத்தம், விமான நிலையம் போன்ற குறிப்பிட்ட இடங்களுக்கு 'அட்' பெறும். அதாவது, 'அரைவ் இன் மும்பை', 'அரைவ் அட் தாதர் ஸ்டேஷன்'. அதே பொருளுடைய 'ரீச்' என்ற வினைக்கு எந்த முன்னிடைச் சொல்லும் வேண்டாம். 'ரீச்ட் டு மும்பை' என்பது பிழை. 'ஹோம்' என்ற சொல்லுக்கும் 'டு' தேவையில்லை. 'கோ ஹோம்', 'ரீச் ஹோம்' என்றே வரும்.

வாடகைக் கார் ஓட்டுநரிடம் இடம் சொல்லும்போது 'ஆப்போசிட்' என்பதும் 'இன் ஃப்ரன்ட் ஆவ்' என்பதும் அடிக்கடி குழப்பம் தருகின்றன. தமிழில் 'நிலையத்துக்கு எதிரே' என்றால் நிலைய வாசலையும் குறிக்கலாம், சாலையின் மறுபுறத்தையும் குறிக்கலாம். ஆங்கிலத்தில் 'இன் ஃப்ரன்ட் ஆவ் தி ஸ்டேஷன்' என்றால் நிலையத்தின் முன்புறம். 'ஆப்போசிட் தி ஸ்டேஷன்' என்றால் சாலையைக் கடந்து எதிர்ப்புறம். நடுவே தடுப்புச் சுவர் உள்ள பெருநகரச் சாலைகளில், இந்த ஒரு சொல் மாறினால் கார் நெடுந்தூரம் சுற்றி வர வேண்டியிருக்கும்.

மெட்ரோவில் 'சேஞ்ச் அட்', 'ஃபார்', 'டுவர்ட்ஸ்' ஆகிய மூன்றும் முக்கியம். டெல்லி மெட்ரோவில் 'சேஞ்ச் அட் ராஜீவ் சௌக் ஃபார் தி யெல்லோ லைன்' என்றால், ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் வழித்தட ரயிலுக்கு மாற வேண்டும். 'டுவர்ட்ஸ் சமய்பூர் பாத்லி' என்றால் அந்த முனையத்தை நோக்கிச் செல்லும் ரயில். எனவே இறங்க வேண்டிய நிலையத்தின் பெயருடன், அந்தத் திசையின் கடைசி நிலையத்தின் பெயரையும் அறிந்திருப்பது நல்லது.

நேரத்திலும் கவனம் தேவை

'ஆன் டைம்' என்றால் அட்டவணைப்படி சரியான நேரத்தில் என்று பொருள். 'இன் டைம்' என்றால் தவறவிடாமல், போதிய அவகாசத்துடன் என்று பொருள். ரயில் 'ஆன் டைம்' புறப்படும்; பயணி 'இன் டைம்' வந்து சேர வேண்டும். 'அட் சிக்ஸ்' என்றால் சரியாக 6 மணிக்கு. 'பை சிக்ஸ்' என்றால் 6 மணிக்குள். 'டில் சிக்ஸ்' என்றால் 6 மணி வரை.

தாமத அறிவிப்புகளிலும் இதே நுட்பம் உண்டு. 'டிலேட் பை டூ அவர்ஸ்' என்றால் 2 மணி நேரம் தாமதம். 'ரீஷெட்யூல்ட் டு லீவ் அட் ஃபோர்டீன் ஹவர்ஸ்' என்றால் புறப்படும் நேரம் பிற்பகல் 2 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது. முன்னதில் வருவது கால அளவு. பின்னதில் வருவது கடிகார நேரம்.

ரயில்வே 24 மணி நேரக் கணக்கைப் பின்பற்றுவதால், நள்ளிரவு ரயில்களில் தேதியையும் கவனிக்க வேண்டும். 15ஆம் தேதி 00.10 மணி ரயில் என்றால், 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு செல்பவர் ரயிலைத் தவறவிட்டிருப்பார்.

ரயில்வே அறிவிப்புச் சொற்கள்

மழை, மூடுபனி, பராமரிப்புப் பணி ஆகியவற்றால் ரயில் சேவை மாற்றப்படும்போது வெளியாகும் அறிவிப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றின் பொருள்:

* 'டைவர்ட்டட் வயா': வழக்கமான பாதையை விட்டு, குறிப்பிட்ட ஊர் வழியாகத் திருப்பிவிடப்பட்டுள்ளது. இடையில் உள்ள சில நிலையங்களுக்கு ரயில் வராது.

* 'ஷார்ட் டெர்மினேட்டட் அட்': இறுதி நிலையம் வரை செல்லாமல், குறிப்பிட்ட நிலையத்திலேயே பயணம் முடிகிறது.

* 'ஷார்ட் ஒரிஜினேட்டட் ஃப்ரம்': வழக்கமான தொடக்க நிலையத்துக்குப் பதிலாக, வழியில் உள்ள நிலையத்திலிருந்து புறப்படுகிறது.

* 'பார்ஷியலி கேன்சல்ட் பிட்வீன்': இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் சேவை ரத்து. முழு ரயிலும் ரத்தாகவில்லை.

* 'ரெகுலேட்டட்': வழியில் நிறுத்திவைத்து, தாமதமாக இயக்கப்படும்.

பயணச்சீட்டில் காணப்படும் ஆர்ஏசி என்பதன் விரிவிலும் ஒரு முன்னிடைச் சொல் உண்டு. 'ரிசர்வேஷன் அகைன்ஸ்ட் கேன்சலேஷன்' என்பதில் வரும் 'அகைன்ஸ்ட்' இங்கு 'எதிராக' என்ற பொருளைத் தரவில்லை. 'ஈடாக' என்ற பொருளைத் தருகிறது. வேறொருவர் ரத்து செய்யும் இடத்துக்கு ஈடாகப் படுக்கை கிடைக்கும். அதுவரை உட்கார இடம் உறுதி.

அறிவிப்பைக் கேட்கும்போது ரயிலின் பெயரை மட்டும் நம்பாமல், 5 இலக்க எண்ணையும், 'ஃப்ரம்', 'டு', 'வயா' ஆகியவற்றுக்குப் பின் வரும் ஊர்ப் பெயர்களையும் கவனிப்பது நல்லது. 2025 பிப்ரவரி 15 அன்று புது டெல்லி ரயில் நிலையத்தில் ஏற்பட்ட கூட்ட நெரிசலில் 18 பேர் உயிரிழந்தனர். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ், பிரயாக்ராஜ் ஸ்பெஷல் எனப் பெயர் ஒத்த ரயில்கள் பற்றிய அறிவிப்பால் பயணிகளிடையே குழப்பம் ஏற்பட்டதாக டெல்லி காவல்துறை அப்போது தெரிவித்தது.

வானில் ஒரு சொல்லின் விலை

சிறு சொற்களின் தெளிவு எவ்வளவு முக்கியம் என்பதை விமானத் துறை பெரும் இழப்புகளின் வழியே கற்றது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதியதில் 583 பேர் உயிரிழந்தனர். மூடுபனியும் வானொலித் தொடர்பில் ஏற்பட்ட இடையூறும் விபத்துக்குக் காரணங்களாயின. அவற்றுடன், கேஎல்எம் விமானத்திலிருந்து வந்த 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்' என்ற வாசகமும் ஆராயப்பட்டது. புறப்படத் தயாராக ஓடுபாதை முனையில் நிற்பதாகக் கட்டுப்பாட்டாளர் அதைப் புரிந்துகொண்டார். விமானமோ ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது. இதன்பின், புறப்பட அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்தும் நடைமுறை வந்தது.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே சரக்கு விமானம் ஒன்று குன்றில் மோதி 4 பேர் இறந்தனர். 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டாளர் இலக்கங்களைத் தனித்தனியாகச் சொன்னபோது, முதலில் வந்த 'டூ' என்ற எண்ணை 'டு' என்ற முன்னிடைச் சொல்லாக விமானிகள் கொண்டனர். 400 அடிக்கு இறங்கச் சொன்னதாக எண்ணித் தாழப் பறந்ததே விபத்துக்கு வழிவகுத்தது.

இந்தியாவிலும் இத்தகைய துயரம் நிகழ்ந்தது. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி அருகே சவுதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதியதில் 349 பேர் உயிரிழந்தனர். அனுமதிக்கப்பட்ட 15,000 அடிக்குக் கீழே கஜகஸ்தான் விமானம் இறங்கியதே காரணம் என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது. விமானக் குழுவினரின் போதாத ஆங்கில அறிவும் அதற்குத் துணைக்காரணமாகக் குறிப்பிடப்பட்டது. பின்னர் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் 6 நிலைகள் கொண்ட ஆங்கிலத் திறன் அளவுகோலை வகுத்து, குறைந்தது 4ஆம் நிலையைக் கட்டாயமாக்கியது.

எப்படிக் கற்பது?

முன்னிடைச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் இல்லை. 'ஆன்' என்றால் 'மேல்' என்று படித்தவருக்கு 'ஆன் தி பஸ்' என்பது குழப்பத்தையே தரும். 'கெட் ஆஃப் அட்', 'லீவ் ஃபார்', 'சேஞ்ச் அட்', 'வெயிட் ஃபார்', 'ஸ்டக் இன் டிராஃபிக்' என்று வினையுடன் சேர்த்து, முழுத் தொடராகக் கற்பதே பலன் தரும். தமிழ் வினைகளை உருபோடு சேர்த்தே குழந்தைகள் கற்றுக்கொள்வது போன்றதுதான் இதுவும்.

நாள்தோறும் செல்லும் பாதையையே பாடமாக்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து நிறுத்தம் வரை நடந்தது, பேருந்தில் ஏறியது, எங்கோ இறங்கியது, ஆட்டோவில் சென்றது, அலுவலகம் சேர்ந்தது என ஐந்து வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால், 'ஆன் ஃபுட்', 'கெட் ஆன்', 'கெட் ஆஃப் அட்', 'இன் ஆன் ஆட்டோ', 'ரீச்' ஆகிய அனைத்தும் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

பேசும்போது பிழை நேர்ந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. 'இன் தி பஸ்' என்று சொன்னாலும் கேட்பவருக்குப் புரியும். ஆனால் திசை, இடம், நேரம் ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்களில் ஐயம் எழுந்தால், கேட்டதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்துகொள்வது அவசியம். கட்டுப்பாட்டு அறையின் கட்டளையை விமானிகள் ஒவ்வொரு முறையும் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.