பாய்க்கு விலை சொன்னோம், பார்சலுக்குச் சொன்னோமா?
வெளிநாட்டுக்கு இணையத்தில் விற்கும் குடும்பங்களின் கவனத்திற்கு



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது ஒரு வாலிபர் நம்மைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். யாவாரத்துல ஒரு சிக்கலாயிப் போச்சு" என்றார்.

அவர் பத்தமடைப் பாய் விற்கும் குடும்பத்துப் பிள்ளை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, சாயமேற்றி நெய்யும் அந்தப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. தலைமுறை தலைமுறையாக நம் சமுதாயப் பெண்களின் கைகளில் இருக்கும் தொழில் அது. மணமக்களின் பெயரை உள்ளே வைத்து நெய்து தரும் கல்யாணப் பாய்க்கு வெளியூரிலும் வெளிநாட்டிலும் ஆசையாய் வாங்குவோர் உண்டு.

இங்கிலாந்திலிருந்து ஒரு சகோதரி, தன் மகளின் நிக்காஹ்வுக்கு அப்படியொரு பாயை ஓர் இணையச் சந்தை வழியாகக் கேட்டிருக்கிறார். பாய் 7,000 ரூபாய், அனுப்பும் கட்டணம் 2,000 ரூபாய் என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். அந்தம்மா முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். வாலிபரின் தாயார் நாள்கணக்கில் உட்கார்ந்து பெயர்களை நெய்து முடித்தார். பாயைச் சுருட்டிக் கூரியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், "6,800 ரூபாய் ஆகும்" என்றிருக்கிறார்கள்.

வாலிபர் பதறிப்போய், "இன்னும் 4,800 ரூபாய் அனுப்பினால்தான் பாய் வரும்" என்று அந்தம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். "நீங்கள் போட்ட விலையைத்தானே கட்டினேன்? இது ஏமாற்று வேலை" என்று பதில் வந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. அடுத்த வீட்டு மணமக்களின் பெயர் போட்ட பாயை யார் வாங்குவார்?

இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனாலும் இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று சந்தேகப்படும் நிலை வந்துவிட்டது. அத்தர், தொப்பி, புர்கா, எம்பிராய்டரி என்று வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்கு விற்கும் சகோதரிகள் நம்மில் பெருகிவரும் இக்காலத்தில், இந்தச் சிக்கலை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

தராசு சொல்லும் எடையும் டேப் சொல்லும் எடையும்

அந்த வாலிபர் பாயைத் தராசில் வைத்து, 2 கிலோ என்று பார்த்துக் கட்டணத்தைப் போட்டிருந்தார். கூரியர்காரர்கள் தராசோடு நிற்பதில்லை, டேப்பையும் எடுக்கிறார்கள். விமானத்தில் பஞ்சு மூட்டையும் இடத்தை அடைக்கத்தான் செய்யும். அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5,000-ஆல் வகுக்கிறார்கள். வருவதுதான் 'வால்யூமெட்ரிக் வெயிட்'. இதுவும் தராசு எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் பணம். பன்னாட்டுக் கூரியர் நிறுவனங்கள் பரவலாகக் கையாளும் கணக்கு இது.

சுருட்டிய பாய் 125 சென்டிமீட்டர் நீளம்; பெட்டியின் அகலமும் உயரமும் 16, 16. பெருக்கினால் 32,000. 5,000-ஆல் வகுத்தால் 6.4 கிலோ. அதை 6.5 கிலோவாக உயர்த்திக் கணக்கிட்டார்கள். 2 கிலோப் பாய்க்கு 6.5 கிலோக் கூலி வந்த கதை இதுதான்.

பொருளைப் பொதிந்து, பெட்டியில் வைத்து, ஒட்டி முடித்த பிறகே அளக்க வேண்டும். வெறும் பொருளை அளந்து விலை போடுவது அளக்காமல் போடுவதற்குச் சமம்.

கட்டிய பணம் எங்கெல்லாம் போகிறது?

வாங்குபவரின் கண்ணுக்குக் கடைசியில் தெரிவது ஒரே மொத்தத் தொகை. அதில் பல கைகளுக்குப் போகும் பணம் கலந்திருக்கிறது.

முதலாவது, அனுப்பும் கூலி. இது தபால் துறைக்கோ கூரியருக்கோ போவது.

இரண்டாவது, அந்த நாட்டு அரசின் வரி. 135 பவுண்டுக்கு மேற்படாத பொருள் இணையச் சந்தை வழியாகப் பிரிட்டனுக்குப் போனால், பொதுவாக 20% வாட் வரியை விற்பனையின்போதே அந்தத் தளம் வசூலித்துவிடும். அதற்கு மேல் போனால் பொருள் நாட்டுக்குள் நுழையும்போது வரி கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கு 2021 ஜூலை 1-ஆம் தேதியோடு போய்விட்டது. சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 9%. மலேசியாவில் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இணைய இறக்குமதிகளுக்கு 2024 ஜனவரி முதல் 10% விற்பனை வரி உண்டு. அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. விகிதங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாட்டுக்கும் முதல் பார்சல் அனுப்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இணையச் சந்தையின் கமிஷன். இது பொருளின் விலைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எட்ஸி போன்ற தளங்களில் அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்துத்தான் கமிஷன் கணக்கிடுகிறார்கள். கூரியருக்கு அப்படியே கொடுக்கப்போகும் 2,000 ரூபாயிலும் ஒரு பகுதி நம் கைக்கு வராது.

நாம் பேசிய அந்த இங்கிலாந்துச் சகோதரி வாட் வரியையும் சேர்த்துக் கட்டியிருந்தார். அது முழுவதும் விற்பவருக்கே போய்விட்டதாக நினைத்திருந்தார். "இவ்வளவு வாங்கிக்கொண்டு இன்னுமா கேட்கிறார்கள்" என்ற கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மார்க்கச் சட்டத்தின் பார்வையில்

வியாபாரம் செல்லுபடியாக, விற்கும் பொருளும் விலையும் இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை. சண்டைக்கு இட்டுச் செல்லும் மறைவுக்கு 'கரர்' என்று பெயர். பொருளின் விலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கூலியைக் குத்துமதிப்பாகப் போடுவது அந்தத் தெளிவைக் குலைக்கிறது.

கூலி யார் மேல் என்ற கேள்வியும் புதியதல்ல. தானியம் விற்றால் அளந்து கொடுப்பவரின் கூலி விற்பவர் மேல், விலைப் பணத்தை நிறுத்துக் கொடுப்பவரின் கூலி வாங்குபவர் மேல் என்று பழைய ஹனஃபி நூல்களே பிரித்துப் பேசுகின்றன. ஒப்படைக்கும் செலவு விற்பவருடையது, பணம் கொடுக்கும் செலவு வாங்குபவருடையது என்பது அதன் சாரம். இரு தரப்பும் வேறு விதமாகப் பேசிக்கொண்டால் அந்தப் பேச்சே நிற்கும். எதுவும் பேசாவிட்டால் ஊர் வழக்கமான 'உர்ஃபு' கவனிக்கப்படும்.

இங்கே பேச்சு எழுத்திலேயே இருக்கிறது. விற்பவர் 2,000 ரூபாய் என்றார், வாங்குபவர் ஒப்புக்கொண்டு கட்டினார். ஒப்பந்தம் முடிந்த பின் ஒரு தரப்பு மட்டும் தொகையைக் கூட்ட முடியாது. தவறாக அளந்தது விற்பவர். அந்தச் சுமையும் அவர் மேல்தான். அந்த வாலிபரிடம் நாம் முதலில் சொன்னது இதைத்தான். அவருக்கு அது கசப்பாகத்தான் இருந்தது.

தவறு நடந்த பின் என்ன செய்வது?

நிலைமையைப் பொறுத்து மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, நட்டத்தை ஏற்று அனுப்புவது. தொகை தாங்கக் கூடியதாக இருந்தால் இதுவே மேல்.

இரண்டு, நடந்ததைச் சொல்லிக் கேட்பது. "நாங்கள் அளந்ததில் தவறிவிட்டோம், இதோ கூரியர் ரசீது. உங்களுக்கு விருப்பமிருந்தால் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளலாம், இல்லையென்றாலும் பாய் வந்து சேரும்" என்று சொல்வதில் குற்றமில்லை. "பணம் தந்தால்தான் அனுப்புவோம்" என்பது வேறு. அது பொருளைப் பிணையாக வைத்து மிரட்டுவது. எதைக் கேட்டாலும் அந்தத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்க வேண்டும். தனியாக வாட்ஸ்அப்பில் பேசி, வெளியே பணம் வாங்குவது பல தளங்களின் விதிகளுக்கு முரண். தகராறு வந்தால் சாட்சியும் இருக்காது.

மூன்று, இருவரும் மனமொப்பி விற்பனையை ரத்துச் செய்து, பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுப்பது. ஃபிக்ஹில் இதற்கு 'இகாலா' என்று பெயர். வருந்தி நிற்பவருக்கு விட்டுக்கொடுப்பதை மார்க்கம் சிறப்பித்துச் சொல்கிறது. சாதாரணப் பொருளுக்கு இது எளிது. பெயர் போட்டு நெய்த பாய்க்கு எளிதல்ல. ஆகவே சொல்லிச் செய்யும் பொருளுக்குப் பெட்டி அளவையும் கூலியையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்த பிறகே தறியில் கை வைக்க வேண்டும்.

அந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். மகன் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க, தாயார்தான் வழி சொன்னார்: "இது நயம் பாய்ப்பா, துணி மாதிரி மடியும். ஏன் சுருட்டுத?" மடிப்பில் முறியாமலிருக்கப் பருத்தித் துணியை உள்ளே வைத்து மடித்தார்கள். பெட்டி 65, 40, 7 சென்டிமீட்டர் ஆனது. கணக்குப்படி 3.64 கிலோ, 4 கிலோவுக்குக் கூலி. 6,800 ரூபாய் 4,400 ஆகக் குறைந்தது. மீதி 2,400 ரூபாயை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். மகன் தன் முந்தைய செய்திக்கு மன்னிப்புக் கேட்டு, வரி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதினார். பாய் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அந்த விற்பனையில் தாயாரின் உழைப்புக்கு மிஞ்சியது சொற்பம்தான். அந்தச் சொற்பத்திலும் பேச்சு மாறவில்லை என்பதே அவர்களுக்கு நிம்மதி.

முன்கூட்டியே எழுத வேண்டியவை

கடனை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். கொடுக்கல் வாங்கலில் எழுத்துக்கு மார்க்கம் கொடுக்கும் இடம் அது. விற்பனைப் பக்கத்தில் இவற்றையாவது எழுதி வையுங்கள்:

• பெட்டியில் வைத்த பின் உள்ள எடையும் மூன்று அளவுகளும்.

• எந்த நாட்டுக்கு எவ்வளவு கூலி. "உலகம் முழுவதும் ஒரே கட்டணம்" என்று போடாதீர்கள். கொழும்புக்கும் கனடாவுக்கும் கூலி ஒன்றாக இருக்காது.

• இறக்குமதி வரி நம் தொகையில் அடங்குமா, வாங்குபவர் தனியாகக் கட்ட வேண்டுமா. கூரியர்காரர்கள் வரியை விற்பவர் கட்டும் முறையை டி.டி.பி. என்றும், பெறுபவர் கட்டும் முறையை டி.ஏ.பி. என்றும் சொல்வார்கள். எதில் அனுப்புகிறோம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு வாசலில் கூரியர்காரர் வரி கேட்கும்போதுதான் வாங்குபவருக்கு விஷயம் தெரியவருகிறது என்றால், தவறு நம்முடையது.

• பொருள் திரும்பி வந்தால் அந்தக் கூலி யாருடையது. பெறுபவர் வரி கட்ட மறுத்தாலும் பார்சல் திரும்பும்.

• ஒருவரே இரண்டு பொருள் வாங்கினால் கூலி எப்படி. கணினி இரண்டு கூலியை வசூலித்து, நாம் ஒரே பெட்டியில் அனுப்பினால், மிஞ்சும் தொகையை அவர் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள். குறைந்தால் கேட்பதும் கூடினால் மௌனமாக இருப்பதும் நேர்மையல்ல.

"அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்"

வரிக்குப் பயந்து சில வாடிக்கையாளர்கள் இப்படிக் கேட்பார்கள். சொந்தக்காரர்களும் கேட்பார்கள். பார்சலில் ஒட்டும் சி.என்.22, சி.என்.23 சுங்கப் படிவங்களில் பொருள், அதன் மதிப்பு, விற்பனையா அன்பளிப்பா என்பதை நாம் எழுதிக் கையெழுத்திடுகிறோம். 7,000 ரூபாய்ப் பாயை 700 ரூபாய் அன்பளிப்பு என்று எழுதுவது கையெழுத்திட்ட பொய். வழியில் பார்சல் தொலைந்தாலும், எழுதிய மதிப்புக்கு மேல் நஷ்டஈடு கேட்க முடியாது. "மன்னிக்கவும், உள்ளதை உள்ளபடிதான் எழுதுவோம்" என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். வியாபாரமாக அனுப்புவோர் ஐ.இ.சி. எனும் ஏற்றுமதி எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாங்கும் இடத்தில் இருக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் கூலியையும் வரியையும் கேட்டுத் தெளிவு பெறுங்கள். விற்பவர் தடுமாறினால் உடனே மோசடி என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் திரைக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இல்லாமல், தறியருகில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயார் இருக்கலாம்.

கடல் கடந்து வாணிபம் செய்தவர்கள் நம் முன்னோர். முகம் பார்த்துப் பேசி முடித்த வியாபாரத்தை இன்று நாம் முகம் பாராமல் செய்கிறோம். முகம் தெரியாத இடத்தில் நமக்காகப் பேசுவது நாம் எழுதிவைக்கும் அந்த நான்கு வரிகள்தான். அளந்து எழுதுவோம், எழுதியபடி நடப்போம். நம் ஹலாலான சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.