பிள்ளை எதைப் பெற வேண்டும்?

மாணவர்களே, விற்பனையாளர் ஒருவர் ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை மட்டுமே சென்று, புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். மிகக் குறுகிய வழி எது? ஐந்து ஊர்களாயின் வழிகள் 12 தாம், எழுதிப் பார்த்துவிடலாம். இருபது ஊர்களாயின் 600 கோடி கோடிக்கும் மேல்!

இத்தகைய கணக்குகளில் கணிப்பொறிக்குக் கைகொடுக்கும் முறைகளுள் ஒன்று மரபணு வழிமுறை. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜான் ஹாலண்ட் 1975இல் வெளியிட்ட நூலில் இதற்கு அடித்தளம் இட்டார். பல விடைகளை உண்டாக்கி, நல்லனவற்றைப் பெற்றோராகத் தெரிந்து, அவற்றைக் கலந்து புதிய விடைகளைப் பிறப்பிப்பதே இம்முறை. எப்படிக் கலப்பது என்பதில்தான் சிக்கல்.

தந்தை வழி க-ச-ட-த-ப. தாய் வழி ட-ப-ச-க-த எனக் கொள்வோம். தந்தையின் முதலிரண்டையும் தாயின் கடைசி மூன்றையும் ஒட்டினால் க-ச-ச-க-த என்றாகும். இரண்டு ஊர்கள் இருமுறை வந்தன. ட, ப இரண்டும் காணாமற்போயின. இது வழியே அன்று.

லாரன்ஸ் டேவிஸ் 1985இல் ஒரு திருத்தம் கூறினார். தந்தையின் துண்டு ஒன்றை அப்படியே வைத்துக்கொள்க. வெட்டிய இடத்திற்கு அப்பாலிருந்து தொடங்கி, எஞ்சிய ஊர்களைத் தாயின் வரிசைப்படி நிரப்புக. க-ச-த-ட-ப கிடைக்கும். ஊர் எதுவும் விடுபடவில்லை. ஆனால் ச-த என்னும் இணைப்பைப் பாருங்கள். அது பெற்றோர் இருவரிடமும் இல்லாதது. வழியின் நீளம் இணைப்புகளால் அன்றோ அமைகிறது? நல்ல பெற்றோரின் நலம் அவற்றில்தான் இருக்கிறது.

இதனையுணர்ந்தே விட்லி முதலிய மூவர் 1989இல் வேறொரு கலப்பை வகுத்தனர். ஒவ்வோர் ஊருக்கும் இரு பெற்றோரிடத்தும் அமைந்த அண்டை ஊர்களைப் பட்டியலிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ச-வின் அண்டை ஊர்கள் க, ட, ப. அடுத்துச் செல்ல இவற்றுள் எதைத் தெரிவது? தனக்கு எஞ்சிய அண்டை ஊர்கள் மிகக் குறைவாக உள்ள ஊரை. இன்றேல் அது பின்னர்த் தனித்துவிடப்பட்டு, அயல் இணைப்பொன்று வலிந்து புகும். க-ச போல இருவரிடமும் உள்ள இணைப்புக்கு முதலிடம் தரும் திருத்தம் 1991இல் வந்தது.

திடீர் மாற்றத்திற்கும் இதே நோக்குத்தான். தொலைவிலுள்ள இரண்டு ஊர்களை இடம் மாற்றினால் நான்கு இணைப்புகள் அறும். ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பினால் இரண்டே அறும்.

ஆயினும் கிடங்கிலிருந்து சரக்கு அனுப்பும் வரிசையை அமைக்கும் கணக்கில் இந்த அண்டைப் பட்டியல் பின்தங்கியது. அங்கே எதன் பக்கத்தில் எது என்பதன்று, எதற்கு முன் எது என்பதே பொருட்டு.