எத்தனை பிள்ளை என்பது யார் முடிவு?

பிள்ளை பெறுவதா வேண்டாமா, பெற்றால் எத்தனை, எவ்வளவு இடைவெளி விட்டு என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இந்தியாவில் அந்த உடலுக்குரியவருடையது. அரசியல் சட்டத்தில் இதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் 21-ஆவது பிரிவுக்குள் இந்த உரிமை அடங்கும் என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சண்டிகரில் அரசுக் காப்பகத்தில் இருந்த, அறிவுசார் மாற்றுத்திறன் கொண்ட இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறையால் கருவுற்றிருந்தார். கருவைக் கலைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தை வேண்டும் என்றார் அந்தப் பெண். அவர் சொல்லே செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். கருவைக் கலைக்க வேண்டும் என்பவரைக் காக்கும் அதே உரிமைதான், கலைக்க மாட்டேன் என்பவரையும் காக்கிறது. இதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

இந்த உரிமையின் மேல் அரசு, மதம், குடும்பம் என மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தம் வருகிறது.

அரசின் அழுத்தம் காலத்துக்குக் காலம் திசை மாறும். 1952-ல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு இதுதான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே நிதியாண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. ரேஷன் அட்டை, வேலை, சம்பளம், வீட்டுமனை என எல்லாவற்றையும் காட்டி மிரட்டி ஆள் பிடித்த கதைகளை, அக்கால அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் பதிவு செய்திருக்கிறது. அந்த அச்சத்தின் தழும்பு இன்னும் மறையவில்லை. கருத்தடை செய்துகொள்ளும் ஆண்கள் அதன்பின் அருகிப்போனார்கள்.

1996-ல் இலக்கு வைத்து ஆள் சேர்க்கும் முறை அதிகாரப்பூர்வமாகக் கைவிடப்பட்டது. விவரம் அறிந்து, தானாக விரும்பித் தேர்ந்தெடுப்பதே அடிப்படை என்று 2000-ஆம் ஆண்டின் தேசிய மக்கள்தொகைக் கொள்கை அறிவித்தது. 2020 டிசம்பரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரமும், இத்தனை பிள்ளைதான் என்று கட்டாயப்படுத்துவதற்குத் தான் எதிரானது என்றே கூறியது.

ஆனாலும் சில மாநிலங்களில் இரண்டு குழந்தை விதி வேறு வழிகளில் நுழைந்தது. மூன்றாவது பிள்ளை பெற்றவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற ஹரியானா சட்டம் 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. தன் மதம் பலதார மணத்தையும் அதன்வழி அதிகப் பிள்ளைகளையும் அனுமதிக்கிறது என்ற வாதமும் அங்கே வைக்கப்பட்டது. மதம் ஒன்றை அனுமதிப்பது வேறு, கடமையாக விதிப்பது வேறு. அனுமதி மட்டும் உள்ள ஒன்றுக்கு மதச் சுதந்திரத்தின் காப்பு கிடைக்காது என்று சொல்லி, நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. பதவியைக் காப்பாற்ற மனைவியைத் தள்ளிவைத்தவர்கள், பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்கள் பற்றியெல்லாம் பின்னர் ஆய்வுகள் வெளிவந்தன. ஹரியானா, இமாசலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் அந்த விதியைக் கைவிட்டன. ஆந்திரம் 2024-ல் அதை நீக்கியபோது, பிறப்பு விகிதம் மிகவும் குறைந்துவிட்டதே காரணமாகச் சொல்லப்பட்டது. குறைத்துப் பெறச் சொன்ன அரசே கூட்டிப் பெறச் சொல்லும் காலமும் வந்துவிட்டது. கூட்டச் சொன்னாலும் குறைக்கச் சொன்னாலும் அது அறிவுரை அளவில் நிற்க வேண்டியது. குடிமகளின் உரிமை அரசின் தேவைக்கேற்ப நீண்டு சுருங்குவதல்ல.

மதத்தின் இடத்தை அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு வரையறுக்கிறது. எந்த மதத்தையும் நம்ப, பின்பற்ற, பரப்ப எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கும் மற்ற அடிப்படை உரிமைகளுக்கும் உட்பட்டது. எனவே ஒரு மதத்தலைவர் கருத்தடையைக் கண்டிக்கலாம். அவர் சொல்லை ஏற்று ஒருவர் அதன்படி நடக்கலாம். ஏற்காதவரைத் தடுக்க யாருக்கும் சட்டத்தில் இடமில்லை. போப் ஆறாம் பவுல் 1968-ல் வெளியிட்ட சுற்றுமடல் செயற்கைக் கருத்தடையை விலக்கியது. அதை மனமார ஏற்று, மாதவிடாய்ச் சுழற்சியைக் கணக்கிடும் இயற்கை முறையை மட்டும் கைக்கொள்ளும் கத்தோலிக்கத் தம்பதியின் தேர்வும் மதிக்கப்பட வேண்டியதே. செவிலியரோ மருத்துவரோ அவர்களைக் கேலி பேசி வேறு முறைக்குத் தள்ளுவதும் அத்துமீறல்தான்.

மதம் ஒரே குரலில் பேசுவதில்லை என்பதற்கு ஈரான் சான்று. 1989-ல் மதகுருமார்களின் ஒப்புதலோடு அங்கே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் மறுபடி தொடங்கியது. 1980-களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இரண்டளவுக்கு இறங்கியது. 2021-ல் அதே ஆட்சி, மக்கள்தொகையைப் பெருக்கச் சட்டம் இயற்றி, அரசு மருத்துவ நிலையங்களில் இலவசக் கருத்தடைச் சாதனங்களை நிறுத்தியது. வேதமும் மாறவில்லை, ஆட்சியும் மாறவில்லை.

இந்தியாவில் இந்தப் பேச்சு பெரும்பாலும் எந்தச் சமூகம் எந்தச் சமூகத்தை எண்ணிக்கையில் மிஞ்சும் என்ற பயமுறுத்தலாகவே வருகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வுகளின் எண்கள் வேறு கதை சொல்கின்றன. 1992-93-ல் முஸ்லிம் பெண்களுக்குச் சராசரி 4.4 பிள்ளைகள், இந்துப் பெண்களுக்கு 3.3. 2019-21-ல் அவை 2.4, 1.9 என்றாகி, இடைவெளி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கேரளத்து முஸ்லிம் பெண்களின் சராசரி பீகாரின் இந்துப் பெண்களின் சராசரியைவிடக் குறைவு. பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரி 2.8, பன்னிரண்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. பிள்ளை எண்ணிக்கையை மதத்தைவிடப் பெண்ணின் படிப்பும் அவள் வாழும் மாநிலமும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன. 

மத நம்பிக்கை தேசத்தின் சட்டமாகவே மாறினால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்து காட்டியது. கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் சேர்ந்தார். பதினேழு வாரக் கரு. கலைந்துகொண்டிருந்தது, பிழைக்க வழியில்லை. கருவை அகற்றும்படி அவர் கேட்டும், இதயத் துடிப்பு இருக்கும்வரை முடியாது என்று மறுக்கப்பட்டது. இது கத்தோலிக்க நாடு என்று ஒரு செவிலியர் விளக்கம் சொன்னது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. ரத்தத்தில் நச்சுக்கிருமி பரவி அவர் இறந்தபோது வயது 31. கருவுக்கும் தாய்க்கும் சமமான உயிருரிமை தந்த 1983-ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தை 2018-ல் அந்நாட்டு மக்கள் 66 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து நீக்கினார்கள்.

மூன்றாவது அழுத்தம் வீட்டிலிருந்து வருவது. கொள்ளி போட ஆண்பிள்ளை வேண்டும், குலம் விளங்க வேண்டும் என்ற பேச்சு மதச்சாயம் பூசிக்கொண்டு வந்தாலும், அதைச் சுமப்பது மருமகளின் உடல். பிள்ளை இல்லை என்றோ ஆண்பிள்ளை இல்லை என்றோ ஒரு பெண்ணை இழித்துப் பேசுவது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வன்முறையாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. கருவின் பாலினத்தை அறிய முயல்வதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்த வழக்குகளில், கர்ப்பிணியைக் கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். சம்மதம் இல்லாமல் ஒரு பெண்ணின் கருவைக் கலைப்பவருக்கு பாரதிய நியாய சம்ஹிதாவின் 89-ஆவது பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்கிறது.

கருத்தடையின் சுமையும் பெண் மேல்தான். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களுக்கான அறுவை சிகிச்சையை நம்பியிருப்போர் 0.1 விழுக்காடு. ஆண்களுக்கானது எளிது, வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய மண்ணில், இந்த எண்கள் வருத்தம் தருபவை.

மருத்துவமனையில் உரிமையின் பெயர் ஒப்புதல். அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம் சிகிச்சை பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். என்ன செய்கிறார்கள், திரும்பச் சரிசெய்வது எளிதல்ல, அரிதாகத் தோல்வியும் அடையலாம் என்பவற்றை வாயால் விளக்க வேண்டும். கருத்தடை அறுவை சிகிச்சைக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்த நெறிகளின்படி பெண்ணுக்கு வயது 22 முதல் 49 வரை இருக்க வேண்டும், ஒரு வயதைத் தாண்டிய குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்றும், ஒரு சிகிச்சைக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்குப் போதாது என்றும் உச்ச நீதிமன்றம் 2008-ல் கூறியது. பிரசவம் முடிந்த கையோடு காப்பர் டி பொருத்துவதற்கும் இது பொருந்தும். வலியில் துடிப்பவரிடம் நீட்டும் தாளில் வாங்கும் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல முடியாது. கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பேசி முடித்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சை வேண்டாம் என்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, சாயா மாத்திரை, மாலா என், ஆணுறை எல்லாம் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே உள்ளன.

ஒப்புதலையும் பாதுகாப்பையும் துறந்தால் நேர்வதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் கண்டது. ஒரே முகாமில், சில மணி நேரத்தில், 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்த உத்தரவிட்டது.

கருக்கலைப்பு 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. அது 2021-ல் திருத்தப்பட்டது. இருபது வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்து நான்கு வாரம் வரை இரு மருத்துவர்கள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், பதினெட்டு வயது நிரம்பாதவர், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளிகள், கருவில் கடும் குறைபாடு உள்ளவர்கள் இதில் அடங்குவர். அதற்கு மேல் கடும் குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் முடிவெடுக்கும். தாயின் உயிரைக் காக்க வேண்டிய நிலையில் வாரக் கணக்கே இல்லை. கருத்தடைச் சாதனம் பயன்படாமல் போனதும் சட்டம் ஏற்கும் காரணம். இதில் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாடு கூடாது என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் பலவந்தத்தால் உண்டான கருவும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு வன்முறையால் உண்டானதாகவே கொள்ளப்படும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. கணவர் கையெழுத்து, பெற்றோர் வருகை, திருமணச் சான்று என்று கேட்பதற்கு எந்தச் சட்ட ஆதாரமும் இல்லை. அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

இவ்வளவு இருந்தும், வெட்கத்தாலும் பயத்தாலும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் பலர். மாத்திரைவழிக் கருக்கலைப்பு ஒன்பது வாரம் வரை, மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது. கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு நாப்கின் நனையும் அளவு ரத்தப்போக்கு, காய்ச்சல், அடிவயிற்றுக் கடும் வலியோடு மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

உரிமை மீறப்பட்டால் முதல் வேலை ஆவணங்களைப் பெற்று வைப்பது. ஒப்புதல் படிவம், சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றின் நகலை எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம். அரசு மருத்துவமனை தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கிய தனியார் மருத்துவமனையின் கவனக்குறைவுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடரலாம். வீட்டு வன்முறைக்கு 181 என்ற எண்ணும், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரும் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெண்கள், வருமானக் கணக்கு காட்டாமலேயே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அழைக்க வேண்டிய எண் 15100.

அரசு ஊழியரான பெண்களுக்கு இன்னொரு தீர்ப்பு துணை நிற்கிறது. முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்த தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்புக் கேட்டார். இரண்டு பிள்ளைகளுக்குத்தான் விடுப்பு என்ற விதியைக் காட்டி மறுத்தார்கள். மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று கூறி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்க உத்தரவிட்டது.

கருத்தடை அறுவை சிகிச்சைக்குப் பின்னும் கருவுற்றால், கவனக்குறைவை நிரூபித்தால்தான் நீதிமன்றத்தில் இழப்பீடு கிடைக்கும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆனால் அரசின் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டத்தில் அந்த நிரூபணம் தேவையில்லை. தோல்வி, சிக்கல், மரணம் மூன்றுக்கும் தொகை உண்டு. கருவுற்றது தெரிந்த 90 நாட்களுக்குள், அறுவை சிகிச்சைச் சான்றிதழோடு, மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சான்றிதழை, பெண்கள் அடுத்த மாதவிடாய் வந்ததும், ஆண்கள் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை முடிந்ததும், கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.