பாதம் தூக்காம ஒரு ஓட்டம்!

ஜிம்முக்குள்ள நுழைஞ்சதும் பசங்க நேரா டம்பெல் பக்கம் போயிடுவாங்க. ட்ரெட்மில்லுக்கு க்யூ நிற்கும். ஓரத்துல ஒரு மெஷின் மட்டும், சைக்கிளுக்கும் மாடிப்படிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி, சீண்ட ஆளில்லாம நிற்கும். அதுதான் எலிப்டிகல் கிராஸ் டிரெய்னர். முட்டி வலிக்குப் பயந்து ஓட்டத்தையே மூட்டை கட்டி வெச்சவங்களுக்கு அது நல்ல தோஸ்த்!

முட்டிக்கு ஏன் ஜாலி?

அமெரிக்காவின் பிரீகார் கம்பெனி 1995-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விஷயம் ரொம்ப சிம்பிள். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்கும். 60 கிலோ ஆளுன்னா 120-ல் இருந்து 180 கிலோ வரை! கிராஸ் டிரெய்னர்ல பாதம் பெடலை விட்டு எழும்பவே எழும்பாது. நீள்வட்டமா வழுக்கிக்கிட்டே போகும். 'தொம்'முனு தரையில் மோதுற வேலையே இல்லை. ஆனா மூச்சு வாங்கும், வியர்வை கொட்டும், இதயத்துக்கு முழுசா வேலை கிடைக்கும்.

கைப்பிடியைத் தள்ளினா மார்பு, இழுத்தா முதுகு, மிதிச்சா தொடையும் பிட்டமும்... ஒரே மெஷின்ல இத்தனைக்கும் வேலை!

எவ்வளவு நேரம்?

வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேணும்கிறது உலக சுகாதார நிறுவனம். அஞ்சு நாள், தினம் 30 நிமிஷம். போதும்! புதுசா ஏறுறவங்க 10 நிமிஷத்துல ஆரம்பிங்க. வேகம் சரிதானான்னு பார்க்க ஒரு டெஸ்ட்: பக்கத்து ஃப்ரெண்டோட பேச முடியணும், பாட்டு பாட முடியக் கூடாது.

உஷார் பாஸ்!

* நிமிர்ந்து நில்லுங்க. கைப்பிடி மேல சாய்ஞ்சு தொங்கினா பாதி உழைப்பு போச்சு.

* ஸ்கிரீன்ல காட்டுற கலோரி வெறும் உத்தேசக் கணக்கு. பெரும்பாலும் கூடுதலாவே காட்டும். அதை நம்பி வாசல்ல ஒரு செட் பரோட்டாவை உள்ளே தள்ளினா... கணக்கு உதைக்கும்!

* எலும்பு உறுதியாக கொஞ்சம் அதிர்வும் பளுவும் வேணும். அதனால வாரம் ரெண்டு நாள் வெயிட் பயிற்சியும் சேர்த்துக்கோங்க.

* போலீஸ் தேர்வுல ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். அதுக்குத் தயாராகறவங்க மெஷினை மட்டும் நம்பாதீங்க. மூச்சுப் பலத்துக்கு மெஷின், ஓட்டத்துக்கு கிரவுண்டுன்னு பிரிச்சுக்கோங்க.

* முட்டி வீங்கியிருந்தா முதல்ல டாக்டர், அப்புறம்தான் ஜிம்.

நாளைக்கு ட்ரெட்மில் க்யூவுல நின்னு கடுப்பாகாதீங்க. ஓரத்துல ஒருத்தர் சும்மாதான் நிற்கிறார். போய் ஒரு ஹலோ சொல்லுங்க!