கேட்டலும் திருத்தலும்



34 ஆண்டுகள் கட்டுரை ஏடுகளைத் திருத்தியவன் நான். சிவப்பு மையின் பயனை அறிவேன். அது செய்யும் தீங்கையும் அறிவேன். ஆயினும், திருத்தம் என்பது யாது என்பதை, ஓய்வு பெற்ற பின்னர், என் பழைய மாணவர் ஒருவரே எனக்கு மீண்டும் கற்பிக்க நேர்ந்தது. அதனை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அவர் பகலில் கணக்கு எழுதுபவர். இரவில் பியானோ பயில்பவர். எங்கள் பள்ளி மண்டபத்தில் இருந்த பழைய பியானோவில்தான் அவர் முதன்முதலில் விரல் வைத்தார். மேனாட்டு இசைக்குறிப்பைப் படிக்க நானும் அங்கேதான் கற்றேன். ஒரு மாலை, தாம் வாசித்ததைக் கைப்பேசியில் பதிந்து எனக்கு அனுப்பினார். ஷோப்பின் இயற்றிய, 42ஆம் எண் பெற்ற வால்ட்ஸ் அது. ஐந்து மாதம் பயின்றதாக எழுதியிருந்தார். நண்பர்களிற் சிலர் ‘அருமை’ என்றனராம். ஒருவர், ‘இஃது உனக்கு எட்டாது, விட்டுவிடு’ என்றாராம்.

நான் காப்பி அருந்திக்கொண்டே ஒருமுறை கேட்டேன். ‘மிக நன்று, தம்பி’ என்று விடை எழுதினேன். மறுநாள் அவர் எழுதினார்: ‘ஐயா, என் கட்டுரை ஏட்டில் தாங்கள் ஒருநாளும் இப்படி எழுதியதில்லை. இதைத் தொடர்வதா, விடுவதா என்று தெளியவே அனுப்பினேன்.’ அதைப் படித்து வெட்கம் அடைந்தேன். கேளாமலே புகழ்ந்தவனுக்கும் கேளாமலே இகழ்ந்தவனுக்கும் என்ன வேறுபாடு?

ஆகவே முறையாகக் கேட்கத் தொடங்கினேன். திருத்துவோன் முதலில் பாடத்தை அறிதல் வேண்டும் அன்றோ? அந்தப் பாடத்தைச் சிறிது காண்போம்.

ஷோப்பின் 1810இல் போலந்து நாட்டில் பிறந்தவர். 1831இல் பாரிஸ் நகரை அடைந்து, 1849இல் அங்கேயே மறைந்தார். வால்ட்ஸ் என்பது மூன்று தட்டுகள் கொண்ட சுற்றில் அமைந்த நடன இசை. அவர் அதனை ஆடுவதற்காக அன்றிக் கேட்பதற்காகவே பெரிதும் எழுதினார். அவர் வாழ்நாளில் வெளிவந்த வால்ட்ஸ்கள் எட்டு. 42ஆம் எண்ணுடையது 1840இல் வெளிவந்தது.

அதன் அருமை கைகளின் பிணக்கில் இருக்கிறது. இடக்கை ஒவ்வொரு சுற்றிலும் தாழ்ந்த சுரம் ஒன்றைத் தொட்டு, உடனே மேலே தாவி, இரண்டு கூட்டுச் சுரங்களை இசைக்கும். அஃது ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணும். வலக்கையோ அதே சுற்றில் ஆறு விரைவுச் சுரங்களை மும்மூன்றாகப் பிரித்து இசைக்கும். ஒவ்வொரு மூன்றிலும் முதற்சுரமே பாட்டு. மற்ற இரண்டும் நிரப்பு. ஆகவே வலக்கை ஒன்று, இரண்டு என்றே எண்ணும். மூன்றும் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்போது பிறக்கும் மிதப்பே இவ்விசையின் உயிர். இப்பாட்டுக்கு முன், தொடக்கத்தில், எட்டுச் சுற்றுகள் நீளும் சுர நடுக்கம் ஒன்று உண்டு. பாட்டுக்குப் பின் விரைந்தோடும் பகுதி ஒன்று வந்து, பின்னரும் பல முறை திரும்பும்.

இத்தனையும் செய்யும் ஒருவன் தன் வாசிப்பைத் தானே கேட்க இயலுமா? விரலுக்கும் கண்ணுக்கும் வேலை மிகுதி, செவிக்கு ஓய்வில்லை. 1877இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை அமைத்தார். அதன் வழிவந்த கருவிகளால் இன்று எவரும் வாசித்து முடித்தபின் வேறொருவர் போல அமர்ந்து தம்மைக் கேட்கலாம். ஆனால் பழகிய பிழையைப் பழகிய செவி மன்னித்துவிடும். ஆதலின் பிறர் செவியும் வேண்டும்.

நான் மூன்று முறை கேட்டேன். முதன்முறை கண்ணை மூடிக்கொண்டு, இசையை மட்டும் கேட்டேன். இரண்டாம் முறை இசைக்குறிப்பை முன்வைத்துக் கேட்டேன். மூன்றாம் முறை இடக்கையை மட்டும் பின்தொடர்ந்தேன். ஷோப்பின் தம் மாணவரிடம், இடக்கை இசைக்குழுத் தலைவனைப் போலக் காலத்தைக் காக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அம்மூன்றாம் முறையே எனக்குப் பலவற்றை வெளிப்படுத்திற்று.

பாட்டுப் பகுதி நிமிடத்திற்கு 60 சுற்று நடந்தது. ஓடும் பகுதி 72 ஆயிற்று. விரலுக்கு எளிதான இடத்தில் ஓடி, அரிதான இடத்தில் தயங்கினார். அடுத்து, வலக்கையின் ஆறு சுரங்களும் ஒரே வலிமையில் ஒலித்தமையால், பாட்டு நிரப்பினுள் மறைந்தது. மூன்றாவது, மிதிகட்டை. அதனை மிதித்தால் கம்பிகளை அடக்கும் கட்டைகள் யாவும் உயர்ந்து, ஒலி நீளும். கூட்டுச் சுரம் மாறும்போது காலை எடுத்து மீண்டும் மிதிக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை, ஒலிகள் சேறாயின.

நான்காவது குறை ஒன்றையும் எழுதினேன்: மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் வேறுபாடே இல்லை என்று. அனுப்புமுன் ஓர் ஐயம் எழுந்தது. என் கைப்பேசியை மேசைமேல் வைத்து, ஒருமுறை மெல்லவும் ஒருமுறை உரக்கவும் பேசிப் பதிந்து கேட்டேன். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஒலித்தன! பல கைப்பேசிகள் மெல்லொலியைத் தாமே உயர்த்தி, வல்லொலியைத் தாமே தாழ்த்திப் பதியும் இயல்பின. கருவியின் குறையை மனிதன்மேல் ஏற்ற இருந்தேன். அவ்வரியை அடித்துவிட்டேன்.

இனி, குறை கூறினால் போதுமா? வழியும் கூற வேண்டும். ‘தம்பி, இடக்கையை மட்டும் மெதுவாக, ஒரே காலத்தில் வாசி. பின்னர் வலக்கையில் நிரப்புச் சுரங்களை விட்டு, பாட்டுச் சுரங்களை மட்டும் அதனோடு சேர். மிதிகட்டையை ஒரு வாரம் தொடாதே. இடையில் வரும் அமைதியான பகுதியில் உன் வாசிப்பு உண்மையாகவே பாடுகிறது. அதை மாற்றாதே’ என்று எழுதினேன். அந்தக் கடைசி வரி ஆறுதலுக்காக எழுதியதன்று. நிறையையும் இடம் சுட்டிக் கூறினாலன்றி, திருத்துவோன் நல்லதையும் சேர்த்து அழித்துவிடுவான்.

‘இஃது உனக்கு எட்டாது’ என்ற சொல்லுக்கும் விடை வேண்டும். ஷோப்பின் பாரிஸில் கற்பித்தே பெரிதும் பொருள் ஈட்டினார். அவரிடம் பயின்றோரிற் பலர் மேடைக்கலைஞர் அல்லர். விருப்பத்தால் பயின்ற செல்வக் குடும்பத்துப் பெண்கள். 64ஆம் எண்ணுடைய வால்ட்ஸ்களுள் முதலாவதை டெல்பினா பொடோட்ஸ்கா என்ற தம் மாணவிக்கே அவர் உரிமையாக்கினார். விருப்பத்தால் பயில்வோர்க்கு இவ்விசையில் இடமில்லை என்பார், அதன் வரலாற்றை அறியார்.

இரண்டு மாதத்திற்குப் பின் இரண்டாவது பதிவு வந்தது. ஓடும் பகுதி இன்னும் சற்று ஓடத்தான் செய்கிறது. ஆனால் மூன்றின்மேல் இரண்டு மிதப்பது முதன்முறையாக என் செவிக்குப் புலனாயிற்று. ‘ஐயா, இடக்கையை மட்டும் வாசித்த அந்த வாரத்தில்தான் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்’ என்று எழுதியிருந்தார்.

மாணவர்களே, உங்கள் நண்பர் தம் பாட்டையோ கவிதையையோ உங்களிடம் காட்டும் நாள் வரும். அன்று, கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு மூன்று முறை கேளுங்கள். பிறகு, எந்த இடத்தில், என்ன, ஏன் என்று கூறுங்கள். நான் அந்த இரண்டாவது பதிவைக் கேட்டபோது காப்பி ஆறிப்போயிற்று.