களியக்காவிளையைத் தாண்டினா 200 ரூபாய் உறுதி, இந்தப் பக்கம்? குமரி ரப்பர் விவசாயிகளுக்கு என்ன சிக்கல்?

ஒரே மலை, ஒரே மழை, ஒரே மரம். களியக்காவிளையைத் தாண்டி கேரளாவுக்குள் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு, விலை விழுந்தால் மாநில அரசு கைகொடுக்கிறது. இந்தப் பக்கம் அருமனையிலோ குலசேகரத்திலோ இருப்பவருக்குச் சந்தை கொடுக்கும் விலைதான். ஏன் இப்படி? அரசு தலையிட்டும் ரப்பர் தொழில் ஏன் தடுமாறுது? எளிமையாகப் பார்ப்போம்.

குமரிக்கு ரப்பர் ஏன் முக்கியம்?

தமிழ்நாட்டில் விளையும் ரப்பரில் மிகப் பெரும்பகுதி கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் விளைகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பது இதற்கு முக்கியக் காரணம். திருவட்டாறு, திற்பரப்பு, பேச்சிப்பாறை, கடையாலுமூடு பகுதிகளில் சிறு விவசாயிகளும் பால்வெட்டுத் தொழிலாளர்களும் இதை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

ரப்பரை நெல் மாதிரி நினைத்துவிடக் கூடாது. நட்டு ஏறக்குறைய 7 வருஷம் கழித்துதான் பால் வெட்ட முடியும். அதன்பிறகு 20 வருஷத்துக்கும் மேல் அந்த மரம்தான் வருமானம். விலை விழுந்துட்டுன்னு அடுத்த பூவுக்கே பயிரை மாற்ற முடியாது.

சரிவு எப்படித் தொடங்கியது?

2011-ல் ஒரு கிலோ ரப்பர் ஷீட் 240 ரூபாய் அளவுக்குப் போனது. 2016 தொடக்கத்தில் அதுவே 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. வெட்டுக்கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்ற நிலையில், பலர் மரத்தை வெட்டாமலே விட்டார்கள்.

விளைவு நாடு முழுக்கத் தெரிந்தது. 2012-13-ல் 9.13 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் இயற்கை ரப்பர் உற்பத்தி, 2015-16-ல் 5.62 லட்சம் டன்னாகக் குறைந்தது. பின்னர் மீண்டு, 2023-24-ல் 8.57 லட்சம் டன்னைத் தொட்டது. ஆனால் அந்த ஆண்டின் தேவை 14.16 லட்சம் டன். இடைவெளியை நிரப்ப 4.93 லட்சம் டன் இறக்குமதியானது.

இதுதான் சுழல். விலை விழுந்தால் வெட்டு நிற்கும், வெட்டு நின்றால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் இறக்குமதி கூடும். அந்த இறக்குமதியே உள்ளூர் விலையை மேலும் அமுக்கும்.

மத்திய அரசு என்ன செய்தது?

முதல் தலையீடு, இறக்குமதி வரி. 2015-ல் ரப்பருக்கான வரி 25 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கு: 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் வரி. வெளிநாட்டு ரப்பர் கிலோ 200 ரூபாய் என்றால், 25 சதவீதப்படி 50 ரூபாய் வர வேண்டும். நிபந்தனைப்படி 30 ரூபாய்தான். அதாவது வெறும் 15 சதவீதம்.

சரி, வரியை ஒரேயடியாக ஏற்றிவிடலாமே? அதுவும் முடியாது. உலக வர்த்தக அமைப்பில் உலர் ரப்பருக்கு இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பே 25 சதவீதம்தான். அங்கே ரப்பர் வேளாண் விளைபொருளாக அல்ல, தொழிற்சாலை மூலப்பொருளாகவே பார்க்கப்படுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலிலும் ரப்பர் இல்லை. குமரியிலேயே விளையும் தேங்காயின் கொப்பரைக்கு ஆதரவு விலை உண்டு, பக்கத்துத் தோட்டத்து ரப்பருக்குக் கிடையாது.

அடுத்து, கலவை ரப்பர். இயற்கை ரப்பருடன் சில வேதிப்பொருட்களைச் சேர்த்து வருவது. 2023 பட்ஜெட்டில் இதன் வரியும் 10-லிருந்து 25 சதவீதம் அல்லது 30 ரூபாய் என்று உயர்ந்தது. ஆனாலும் ஆசியான் நாடுகளுடனான ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்குக்கு இந்த உயர்வு பெரிதாகப் பொருந்தாது என்பது விவசாயிகளின் ஆதங்கம்.

2024-ல் ரப்பர் துறைக்கான நிதி இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.708.69 கோடியாக உயர்த்தப்பட்டது. நடவு உதவி ஹெக்டேருக்கு ரூ.25,000-லிருந்து ரூ.40,000 ஆனது. நல்ல உதவிதான். ஆனால் இது கன்று நடுவதற்கு. விலை விழும்போது இது கைகொடுக்காது.

இரும்புக்கு மட்டும் எப்படி?

ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மலிவு விலை இறக்குமதி குவிந்தபோது, 2025 ஏப்ரலில் தட்டை வகை உருக்குப் பொருட்களுக்கு 200 நாட்களுக்கு 12 சதவீத பாதுகாப்பு வரியை மத்திய அரசு விதித்தது. நஷ்டத்தில் இருந்த விசாகப்பட்டினம் உருக்காலைக்கு 2025 ஜனவரியில் ரூ.11,440 கோடி மறுசீரமைப்புத் தொகை அறிவித்தது.

உருக்கில் கோரிக்கை வைப்பவை பெரிய ஆலைகள். ரப்பரில் ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள். எதிரில் நிற்பது டயர் நிறுவனங்கள். உள்நாட்டு ரப்பர் போதவில்லை, வரி கூடினால் டயர் ஏற்றுமதி பாதிக்கும் என்பது அவர்கள் வாதம். தேவைக்கும் உற்பத்திக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் அதையும் ஒதுக்கிவிட முடியாது.

கேரளா செய்ததும், தமிழ்நாடு செய்யாததும்

கேரளா 2015-ல் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. கிலோவுக்கு 150 ரூபாய் என ஆதரவு விலை நிர்ணயித்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுவதுதான் திட்டம். அந்த 150 பிறகு 170, 180 ஆகி, 2025 நவம்பரில் 200 ரூபாயானது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தை விலை 185 ரூபாய், ஒருவர் விற்றது 500 கிலோ என்றால், கேரள விவசாயிக்கு கூடுதலாக ரூ.7,500 கிடைக்கும். குமரி விவசாயிக்கு ஒன்றுமில்லை. இதுபோன்ற விலை ஆதரவுத் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

தமிழ்நாடு அரசு வேறு வழியில் இந்தத் தொழிலில் இருக்கிறது. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் 1984-ல் தொடங்கப்பட்டது. கீரிப்பாறை, சிற்றாறு போன்ற இடங்களில் உள்ள தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பால்வெட்டுகின்றன. விலைச் சரிவு கழகத்தையும் விட்டுவைக்கவில்லை. கூலி உயர்வு கேட்டு அங்கே போராட்டங்கள் தொடர்ந்து நடக்கின்றன.

விலை உயர்ந்தால் பிரச்னை தீருமா?

2024 ஆகஸ்டில் விலை 240 ரூபாயைத் தாண்டியது. ஆனால் பல வருஷம் கவனிக்காமல் விட்ட தோட்டத்தில் பால் உடனே கூடிவிடாது. மறுநடவு செய்யாதவர்களுக்கு அந்த விலையால் பெரிய லாபமும் இல்லை. கொஞ்ச நாளில் விலையும் இறங்கிவிட்டது.

ஆக, குமரி விவசாயி கேட்பது எப்போதும் உச்ச விலை இல்லை. இதற்குக் கீழே போகாது என்ற ஒரு தரை விலை. வரி டெல்லியின் கையில், அதற்கும் உலக ஒப்பந்தங்கள் வரம்பு போட்டிருக்கின்றன. தரை விலை மாநில அரசே முடிவெடுக்கக்கூடியது. அடுத்த வேளாண் பட்ஜெட்டில் ரப்பருக்கு ஆதரவு விலை வருகிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.